காதின் பின்னால் தெரிந்த வெள்ளை

(மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையின் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஒரு நிபந்தனை விதித்தார். "ஐயா, போன தடவை நீங்கள் செய்தது பிரசங்கம். இந்தத் தடவை வார்டில் பார்த்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆகையால் இன்று ஒரு ஸ்கேன் படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் மருத்துவன் அல்ல, இறையியல் கல்லூரியில் படித்தவன். இங்கே சொல்லப்போவதெல்லாம் எங்கள் நரம்பியல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் எனக்குப் பல நாட்கள் பொறுமையாக விளக்கிச் சொன்னவை. எழுதி முடித்ததும் அவர்களிடம் காட்டித் திருத்தியும் வாங்கினேன். இதில் வரும் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். அவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணியளவில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னை அழைத்தார்கள். நான் போனபோது வராந்தாவில் ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து, பிறந்து பதினோரு நாளே ஆன ஒரு பெண்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே படுத்திருந்தது அவர்களுடைய மகள். இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். மூன்று நாளாகத் தலைவலி. முதலில் இடது காதுக்குப் பின்னால் ஆரம்பித்துத் தலை முழுவதும் பரவியிருக்கிறது. பிறகு வாந்தி. நான்காம் நாள் வலிப்பு வந்தது. வலிப்பு நின்றபின் வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் குழறியது. ஊரில் பிரசவ ஜன்னி என்றார்கள். வழியில் ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்து, படத்தோடும் அறிக்கையோடும் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

அந்த அறிக்கையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய குழாயில் இடது பக்கம் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. அதனருகே மூளையில் கொஞ்சம் இரத்தக்கசிவும் இருக்கிறது. மற்றொன்று, இடது காதின் பின் எலும்பில் 'மாஸ்டாய்டைட்டிஸ்'. அதாவது எலும்பு அழற்சி. அறிக்கையைக் கையில் கொடுத்தவர் யாரோ அதைத் தமிழில் விளக்கியும் அனுப்பியிருக்கிறார்: "காதில் சீழ் பிடித்து மூளைக்கு ஏறிவிட்டது."

அந்த அம்மா என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "ஐயா, காதுப் பக்கம் வலிக்குதுன்னு சொன்னா. தேங்கா எண்ணெயில வெள்ளைப்பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, நான்தான் காதுல ஊத்தினேன். நான்தான் என் மவளைக் கொன்னுட்டேன்."

மகள் இன்னும் சாகவில்லை. ஆனால் அந்தத் தாயின் மனதில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. மருமகனின் வீட்டார் வராந்தாவின் அடுத்த கோடியில் நின்றார்கள். அவர்களும் அறிக்கையைக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் எண்ணெய் விஷயம் தெரியும். ஒருவரும் இந்த அம்மாவின் பக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் உடற்கூற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சலிப்படையாமல் கேளுங்கள்.

உங்கள் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். கட்டியாக ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அதைத்தான் மாஸ்டாய்டு என்கிறார்கள். வெளியே கெட்டியாகத் தோன்றினாலும் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே தேன்கூட்டைப் போலச் சிறு சிறு அறைகளாக இருக்கும். அந்த அறைகளில் காற்று நிறைந்திருக்கும். அவை நடுக்காதோடு தொடர்புள்ளவை. நடுக்காதோ ஒரு சிறு குழல் வழியாகத் தொண்டையின் மேற்பகுதியோடு தொடர்புள்ளது. சளி பிடித்தால் காது அடைப்பது இதனால்தான்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். மூளைக்கு நல்ல இரத்தம் கழுத்தின் தமனிகள் வழியே ஏறுகிறது. வேலை முடிந்த இரத்தம் சிரைகள் வழியே திரும்பி, மூளையின் உறைக்குள் இருக்கும் பெரிய கால்வாய்களில் சேருகிறது. அவற்றையும் மருத்துவர்கள் 'சைனஸ்' என்றே சொல்லுகிறார்கள். மூக்கில் சளி கட்டும் சைனஸ் வேறு, இது வேறு. உறவினர்களிடம் இந்த ஒரு சொல்லே எவ்வளவு குழப்பம் செய்கிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "சைனஸ் அடைத்திருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், "ஆவி பிடித்தால் சரியாகுமா?" என்று கேட்பார்கள்.

உச்சந்தலையின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு கால்வாய் ஓடுகிறது. பிடரிக்கு வந்ததும் அது வலது இடது என்று பிரிந்து, இரண்டு பக்கமும் காதை நோக்கிச் சென்று, காதின் பின் எலும்பை ஒட்டி வளைந்து இறங்கி, கழுத்துச் சிரையில் சேருகிறது. அந்த வளைவுக்கும் நான் சொன்ன தேன்கூட்டு எலும்புக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய எலும்புத் தகடு மாத்திரமே. இரண்டும் ஒரே சுவரைப் பங்கிடும் இரண்டு வீடுகள். சுவரில் சின்னச் சின்ன வாசல்களும் உண்டு. எலும்புக்குள்ளிருக்கும் சிறு சிரைகள் அந்தச் சுவரைக் கடந்து கால்வாயில் வடிகின்றன.

பக்கத்து வீடுகளானபடியால் தொல்லை இரண்டு திசையிலும் போகலாம். காதில் சீழ் பிடித்தால் அது எலும்பை அரித்துச் சுவரைத் தாண்டி, கால்வாயின் இரத்தத்தை உறையச் செய்யலாம். இது பழைய செய்தி. கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் வில்லியம் மக்யூவன் 1893ஆம் ஆண்டிலேயே மூளைக்குப் பரவும் சீழ் நோய்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். பென்சிலின் வருவதற்கு முன் இவ்விதமாக இறந்த பிள்ளைகள் ஏராளம். ஆகவே காதின் அருகே உறைவு என்றால், முதலில் காதைச் சந்தேகிப்பது மருத்துவத்தில் நெடுநாளைய பழக்கம். அதில் தவறில்லை.

ஆனால் தொல்லை எதிர்த் திசையிலும் போகலாம் அல்லவா? உறைவு முதலில் வந்து கால்வாய் அடைபட்டால், எலும்பின் சிறு சிரைகளுக்கு வடிய வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறும். நீர் கசிந்து காற்றறைகளில் நிற்கும். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அதை ஒட்டிய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதில்லையா? அப்போது கூரை ஒழுகுகிறது என்று ஓட்டைப் பிரித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு வகையில் நீர் வெள்ளையாகவும், காற்றும் கெட்டி எலும்பும் கறுப்பாகவும் தெரியும். ஆரோக்கியமான காதெலும்பு அந்தப் படத்தில் கறுப்பாகவே இருக்கும். வெள்ளை தெரிந்தால் அங்கே நீர் இருக்கிறது என்று பொருள். அந்த நீர் சீழா, சளியா, நெரிசலினால் கசிந்த வெறும் நீரா என்பதை அந்த வெள்ளை சொல்லாது. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுத்துக்கொண்ட, காதில் ஒரு குறையும் இல்லாத எத்தனையோ பேருக்கு இந்த வெள்ளை தெரிகிறது. சளி பிடித்தவர்கள், சின்னப் பிள்ளைகள், மூச்சுக்குழாய் வைத்து நாட்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்கள் ஆகியோருக்கு அது சாதாரணம். ஆனால் அறிக்கையில் 'அழற்சி' என்ற ஒரு சொல் ஏறிவிட்டால், அது நோயின் பெயராகவே நின்றுவிடுகிறது. எழுதியவர் தெரிவிக்க நினைத்தது "நீர் தெரிகிறது" என்பதாக இருக்கலாம். படித்தவர் புரிந்துகொள்வது "சீழ் பிடித்திருக்கிறது" என்று.

2002ஆம் ஆண்டு 'ஸ்ட்ரோக்' என்னும் மருத்துவ இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. காரணமா, விளைவா என்ற கேள்வியே அதன் தலைப்பில் இருந்தது. காதில் தொற்று நோய்க்கான அறிகுறி இல்லாதவர்களிடத்திலும், உறைவு இருக்கும் அதே பக்கத்துக் காதெலும்பில் இந்த மாற்றம் தெரிவதை எடுத்துக்காட்டி, இது சிரை நெரிசலின் விளைவாக இருக்கக்கூடும் என்று அதை எழுதியவர்கள் சொன்னார்கள். இறையியல் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஒரு சொல்லை அகராதியில் மட்டும் தேடினால் கோபப்படுவார். முன்னும் பின்னும் வாசி, யார் யாருக்குச் சொன்னது என்று பார் என்பார். ஸ்கேன் படத்தையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

சரி, அந்த விடியற்காலைக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு அன்றே விடை வேண்டியிருந்தது. ஏனென்றால் சிகிச்சை அதைப் பொறுத்தது. சீழ்தான் காரணம் என்றால் வீரியமான கிருமிக்கொல்லி மருந்தும், சில வேளை உடனே காதெலும்பில் அறுவையும் தேவை. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. சீழ் இல்லையென்றால் அறுவை வீண். வீண் மட்டுமல்ல, கேடும் கூட. ஏனெனில் இந்த நோய்க்குப் பிரதான மருந்து இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின். அறுவை செய்ய வேண்டுமானால் அதை நிறுத்த வேண்டும். நிறுத்திய மணி நேரத்தில் உறைவு வளரலாம்.

ஹெப்பாரினைப் பற்றி ஒரு வார்த்தை. மூளையில் இரத்தக்கசிவு இருக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து போடுவார்களா என்று மருமகனின் தகப்பனார் சத்தம் போட்டார். நியாயமான கேள்விதான். நானும் மனதுக்குள் அதையே கேட்டேன். மருத்துவர் நின்று விளக்கினார். இந்தக் கசிவு குழாய் உடைந்து வந்ததல்ல. வெளியேற வழியில்லாமல் தேங்கிய இரத்தம் பிதுங்கி வந்தது. அடைப்பு இளகினால்தான் கசிவும் நிற்கும். 1991ஆம் ஆண்டு ஜெர்மனியில் மியூனிக் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். இருபது நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஹெப்பாரின், பத்துப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. ஹெப்பாரின் பெற்றவர்களில் எட்டுப் பேர் பூரண குணமடைந்தார்கள், ஒருவரும் இறக்கவில்லை. மற்றப் பத்துப் பேரில் மூவர் இறந்தார்கள், ஒருவரே பூரண குணமடைந்தார். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தபடியால் சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். முழுவதும் நம்பினாரோ என்னவோ, கையெழுத்துப் போட்டார்.

காது மருத்துவர் வந்தார். இவர் அதிகம் பேசாதவர். விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். உள்ளே கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு துண்டுப் பூண்டுத் தோல். அவற்றைத் துடைத்து எடுத்தார். செவிப்பறை முழுதாக இருந்தது. துவாரமில்லை, சிவப்பில்லை, புடைப்பில்லை. காதுக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தார். வீக்கமில்லை. காது முன்னே தள்ளி நிற்கவில்லை. காய்ச்சல் இல்லை. இதற்கு முன் எப்போதாவது காது ஒழுகியது உண்டா என்று அந்த அம்மாவிடம் கேட்டார். இல்லை. பிறகு எலும்பைக் காட்டும் சி.டி. படத்தைப் பார்த்தார். தேன்கூட்டின் சுவர்கள் ஒன்றும் அரிக்கப்படவில்லை, உள்ளே நீர் மாத்திரம் நின்றது. மூளைக் கால்வாய் அடைபட்ட இடமும் நீர் நின்ற எலும்பும் ஒரே பக்கம், ஒட்டினாற்போல. வலது காது சுத்தமாக இருந்தது.

"கத்தி வேண்டாம். ஹெப்பாரினை நிறுத்தாதீர்கள். நான் தினமும் வந்து காதைப் பார்க்கிறேன்" என்றார். தினமும் வந்தும் பார்த்தார். காய்ச்சல் வந்தால், காது ஒழுகினால், முடிவை மாற்றிக்கொள்ள ஆயத்தமாகவே இருந்தார்.

எப்போதும் விடை இப்படியே வரும் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பதினாலு வயதுப் பையன் வந்தான். சின்ன வயதிலிருந்தே காதில் சீழ். நாற்றம் வரும், பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் தள்ளி உட்காருவான். "காது ஒழுகினால் நல்லது, அழுக்கெல்லாம் வெளியே போகும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒரு வாரம் ஒழுகல் திடீரென்று நின்றது. வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். பிறகு குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. தலைவலி, வாந்தி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. அவனுடைய சி.டி. படத்தில் எலும்புச் சுவர்கள் கரைந்திருந்தன. அதை அடுத்த கால்வாயில் உறைவு. அங்கே காதுதான் காரணம். அன்று இரவே அறுவை செய்தார்கள். ஆறு வாரம் ஊசி. பிழைத்தான், அந்தக் காதில் கேள்வி குறைவு. இரண்டு பேர் படத்திலும் காதெலும்பு வெள்ளைதான். இரண்டு பேருக்கும் அதே இதழ்களில், அதே சொல்லில் அறிக்கை எழுதலாம்.

அந்த வெள்ளை நீரை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாத வேளையில் மருத்துவர்கள் இன்னும் சிலவற்றைத் தேடுகிறார்கள். சீழ் கெட்டியானது. நீரின் அசைவை அளக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ. படத்தில் அது தனியாகத் தெரியக்கூடும். உறைவு வருவதற்கு முன்பு எடுத்த பழைய படம் இருந்தால் அது பெரிய உதவி. ஒரு விநோதமும் உண்டு. உறைவு எலும்பினூடே தோலுக்கு வரும் சிரை வரை எட்டினால், காதுக்குப் பின்னால் தோலே வீங்கும். ஆகவே வீக்கத்தைப் பார்த்ததும் சீழ்தான் என்று சாதித்துவிடவும் முடியாது. இன்னொன்று: பலருக்குப் பிறவியிலேயே இடது பக்கக் கால்வாய் வலதைவிடச் சிறிது. படத்தில் அது இல்லாதது போலத் தோன்றி, உறைவு என்று ஏமாற்றுவதும் உண்டு. இதையெல்லாம் கேட்ட பிறகு, அறிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கும் மருத்துவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

காலை எட்டு மணிக்கு நரம்பியல் மருத்துவர் இரண்டு வீட்டாரையும் ஒன்றாக உட்கார வைத்தார். நானும் இருந்தேன். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, "காதினால் இது வரவில்லை. இதனால்தான் காதில் நீர் வந்திருக்கிறது. முதலில் காதின் பக்கம் வலித்தது ஏன்? அங்கேதான் குழாய் அடைத்தது. வலி வந்த பிறகுதானே எண்ணெய் ஊற்றினீர்கள்? எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார். பிறவிக் குருடனைக் கண்டவுடனே இது யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களை நான் நினைத்துக்கொண்டேன். மருமகனின் தாயார் எழுந்து வந்து இந்த அம்மாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். வெறுமனே அதை வாங்கினார்கள், ஒன்றும் பேசவில்லை. பதினோரு நாள் குழந்தைக்கு அதுவரை யார் பால் கொடுப்பது என்ற யோசனைகூட ஒருவருக்கும் வரவில்லை. தாதியர்தாம் கவனித்திருந்தார்கள்.

என் உரையை இத்துடன் நிறுத்தினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் பிறகு மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: "பிரசவத்துக்குப் பிறகு தினமும் எவ்வளவு தண்ணீர் குடித்தாள்?"

அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்கள். "தண்ணியே குடுக்கல ஐயா. பச்சை உடம்பு. சீதளம் புடிச்சிரும்லா. காலையில ஒரு தம்ளர் காப்பி, ராத்திரி ஒரு தம்ளர் வெந்நீர். அவ கேட்டு அழுதா, நான் கண்டிப்பா இருந்தேன்." சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் மருத்துவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளை பெற்ற பின் ஆறு வாரங்கள் வரை பெண்ணின் இரத்தம் வழக்கத்தைவிட எளிதில் உறையும். பிரசவத்தில் இரத்தம் பெருக்கெடுத்து உயிர்போகாதபடி இயற்கையின் ஏற்பாடு அது. அந்த நாட்களில் உடலில் நீர் வற்றினால் இரத்தம் இன்னும் கெட்டிப்படும். இது மிகப் பழைய நோய். 1828ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் ஜான் அபர்க்ரோம்பி பிரசவத்துக்குப் பின் தலைவலியும் வலிப்பும் வந்து இறந்த ஒரு இளம்பெண்ணின் மூளைச் சிரைகளில் உறைவு இருந்ததை எழுதிவைத்தார். நம் நாட்டில் இது வெகு அதிகமாக இருந்தது. கே. ஸ்ரீநிவாசன் என்ற மருத்துவர் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபட்ட 135 பேரைப் பற்றி 1983ஆம் ஆண்டு எழுதியிருக்கிறார். ஒரே மருத்துவரின் கண்முன் 135 இளம்பெண்கள்! பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை மறுப்பது நம்மில் எத்தனை வீடுகளில் நடந்தது, நடக்கிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே எண்ணெய்க் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஐந்தாவது நிமிஷத்தில் அந்தத் தாய் தண்ணீர்க் குற்றத்தில் நின்றார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் ஊழியம் செய்தவன் நான். என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. "அது காரணமே இல்லை" என்று சொன்னால் பொய்; அடுத்த மகளின் பிரசவத்திலும் அப்படியே செய்வார்கள். "அதுதான் காரணம்" என்று சொன்னாலும் பொய். தண்ணீர் கொடுக்காத எத்தனையோ வீடுகளில் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள். தண்ணீர் குடித்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இரத்தம் உறையும் தன்மை அதிகம். கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பெண்களுக்கும் வந்ததை எங்கள் வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.

மருத்துவர்தாம் பேசினார். "அம்மா, உங்கள் தாய் உங்களுக்குச் செய்ததை நீங்கள் மகளுக்குச் செய்தீர்கள். அதனால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றிலிருந்து இவளுக்குத் தண்ணீர் வேண்டும். குடிக்க வந்ததும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்." அன்று நான் செய்யாத வேலையை அவர் செய்தார். அதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் விழுங்க முடிந்தது. பேச்சு மெதுவாகத்தான் வந்தது. "குழந்தை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "குடம்" என்றாள், சிரித்தாள், பிறகு அழுதாள். இந்த நோயில் சேதம் எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் மீட்சியும் பெரிதாக இருக்கிறது. 2004ஆம் ஆண்டு 21 நாடுகளில் 624 பேரைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் மரித்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர் முழுவதுமாகவோ, சிறு குறை தவிர ஏறக்குறைய முழுவதுமாகவோ தேறினார்கள். பக்கவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிக்கையை விட்டுவிடும் குடும்பங்களுக்கு இந்த எண்ணை நான் சொல்லுவதுண்டு.

மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போனாள். ஊசிக்குப் பதில் வார்ஃபரின் மாத்திரை, மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. பால் கொடுக்கத் தடையில்லை என்றார்கள். இதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்: பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, அதோடு வாந்தி, பார்வை மங்கல், கைகால் மரத்துப்போதல், வலிப்பு, இவற்றில் ஏதாவது வந்தால் மந்திரிக்கவும் வேண்டாம், எண்ணெய் காய்ச்சவும் வேண்டாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காது மருத்துவர் சார்பில் ஒரு வார்த்தை: எண்ணெய் இந்த நோயைக் கொண்டுவரவில்லை என்று நான் சொன்னதை, காதில் எண்ணெய் ஊற்றலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாமாம். செவிப்பறையில் துவாரம் இருந்தால் அதுவே சீழுக்கு வழி திறக்கும். ஒழுகும் காதை ஒருபோதும் ஒழுகட்டும் என்று விடவும் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து அவர்கள் மறு பரிசோதனைக்கு வந்தார்கள். வலது கைப்பிடியில் கொஞ்சம் பலக்குறைவு. மற்றபடி அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவின் கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. புதிய ஸ்கேன் எடுத்தார்கள். கால்வாய் பெரும்பாலும் திறந்திருந்தது. மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். பழையதில் இடது காதுக்குப் பின்னால் வெள்ளை. புதியதில் அந்த இடம் வலது பக்கத்தைப் போலவே கறுத்திருந்தது. காதுக்கு ஒரு சொட்டு மருந்துகூட யாரும் விட்டிருக்கவில்லை.

அந்த அம்மா வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஐயா, கறுப்பா இருந்தாத்தான் நல்லதா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம் அம்மா, அந்த இடத்தில் கறுப்புதான் நல்லது" என்றேன்.